நாலு பேருக்கு ஒரு காந்திமதி

புத்திசாலிகள் செய்ததை எழுதி வைக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. முட்டாள்கள் செய்ததை எழுதத்தான் நாதியில்லை. ஆகவே நொச்சிக்குளம் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நானே எழுதுகிறேன்.

அங்கே எம்.ஏ. கடைசி வருடத்தில் நாலு கூட்டாளிகள் படித்தார்கள். தவசிலிங்கம் அவர்களுக்குத் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, உயரமாக இருந்தான். கோட்டைச்சாமி எதையும் செய்துவிட்டுப் பிறகு யோசிப்பான். சீனிமுகமது யோசித்துக்கொண்டே இருந்து செய்யாமல் விட்டுவிடுவான். மரியபுஷ்பம் நாலு பேரிலும் அறிவாளி. மற்ற மூவரும் அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை காத்திருந்தது. ஜூன் மாதம் பட்டத்தோடு வந்தால் வேலை அவளுக்கு, வராவிட்டால் அடுத்த ஆளுக்கு.

பட்டம் வாங்க ஆளுக்கொரு ஆய்வேடு எழுதித் தர வேண்டும். நாலு பேரும் நூலகத்துக்குப் போனார்கள். பொன்னுரங்கம் என்பவர் முன்னொரு காலத்தில் எழுதிய ‘பாழூரணிக் கிணறுகள்’ என்ற ஆய்வேடு கண்ணில் பட்டது. அட்டை நீலம். நாலு பேருக்கும் நீலம் பிடிக்கும். அட்டையிலிருந்து அட்டை வரை பார்த்து எழுதினார்கள். நடுவில் ஒரு பக்கத்தில் கரையான் தின்ற ஓட்டை இருந்தது. அதையும் விடவில்லை, ஊதுபத்தியால் சுட்டு அதே இடத்தில் ஓட்டை போட்டார்கள்.

பேராசிரியை குலசேகரவல்லி நாலு ஏட்டையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார்.

“தவசிலிங்கம், உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லங்க மேடம்.”

“அப்ப நன்றியுரையில இருக்கிற காந்திமதி யாரு?” கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். “‘பாழூரணியில் ஆய்வு செய்தபோது கிணற்றில் விழுந்து எனக்கு இடது கால் முறிந்தது. என்னைத் தோளில் தூக்கிக் கரையேற்றி, பின்பு எனக்கே மனைவியாக வாய்த்த காந்திமதிக்கு நன்றி.’ கோட்டைச்சாமிக்கும் காந்திமதிதான் சம்சாரம். சீனிமுகமதுக்கும் அவங்கதான். ஏம்மா மரியபுஷ்பம், நீயுமா?”

மரியபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். “எல்லாரும் கட்டிக்கிட்டாங்க மேடம். நான் மட்டும் எப்படி...”

“எங்கேருந்து எடுத்தோம்னு கீழ ஒரு குறிப்பாவது போட்டிருக்கக் கூடாதா?”

நாலு பேரும் பேனாவைத் திறந்து அங்கேயே போட்டார்கள்: ‘மூன்றாவது அலமாரி, ஜன்னல் ஓரம், மேல்தட்டு, பல்லி முட்டைக்கு இடப்பக்கம்.’

பேராசிரியை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனுஷி, எடுத்துச் சொன்னார்.

“அந்தப் பொன்னுரங்கம் வெயில்ல அலைஞ்சிருக்கார், கிணறு கிணறா இறங்கி அளந்திருக்கார். உழைச்சது அவரு, பேரு உங்களுக்கா? நாளைக்கு உங்களைக் கிணறு படிச்சவங்கன்னு நம்பி, தண்ணி எங்க கிடைக்கும்னு ஒரு ஊரே கேட்டா என்னடா சொல்வீங்க?”

“குழாயிலன்னு சொல்வோம் மேடம்” என்றான் கோட்டைச்சாமி.

உழைப்பவன் ஒருத்தன், பெயரெடுப்பவன் இன்னொருத்தன், இது நியாயமா என்று ஆலை வாசலில் தொழிலாளிகள் நாங்கள் கேட்டபோது லத்தியோடு போலீஸ் வந்தது. அதையே பல்கலைக்கழகம் கேட்டால் அதற்கு விதிமுறை என்று பெயர். போகட்டும்.

விதிமுறைப்படி தண்டனை இரண்டு வருடத் தடை. பரீட்சையும் கிடையாது, பட்டமும் கிடையாது. டீச்சர் வேலையை நினைத்து மரியபுஷ்பம் அழுதாள். அவளைப் பார்த்து மற்ற மூவரும் அழுதார்கள். பேராசிரியை இறங்கி வந்தார்.

“ஒரு மாசம் தர்றேன். ஏட்டுல இருக்கிற ஒவ்வொரு வரியும் நீங்களே செஞ்சதா இருக்கணும். இல்லன்னா தடைதான்.”

கேன்டீனில் ஆலோசனை நடந்தது.

“அப்ப புதுசா எழுதணுமோ?” என்றான் சீனிமுகமது.

“மேடம் அப்படியா சொன்னாங்க?” தவசிலிங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “ஏட்டுல இருக்கிறதை நாம செஞ்சிருக்கணும்னு சொன்னாங்க. ஏடு சரியாத்தான் இருக்கு. நாமதான் இன்னும் செய்யல.”

“என்னென்ன செய்யணும்?”

மரியபுஷ்பம் விரல் மடக்கினாள். “கிணத்தையெல்லாம் எண்ணணும். உள்ள விழணும். இடது கால் ஒடியணும். காந்திமதி தூக்கணும். அப்புறம் கல்யாணம்.”

“யாரு முதல்ல கட்டுறது?”

“அகரவரிசையில போவோம். சண்டை வராது” என்றான் கோட்டைச்சாமி. அந்த வரிசையில் தானே முதலில் வருவதை அவன் உணர்ந்தபோது பாழூரணி பஸ் புறப்பட்டுவிட்டது.

பாழூரணியில் காந்திமதி மாவு மில் நடத்திக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். தலைமுடியில் நரை எது, மாவு எது என்று சொல்ல முடியாது. பொன்னுரங்கம் காலமாகிவிட்டிருந்தார்.

“என்ன, மிளகாயா மல்லியா?” என்றார் காந்திமதி, நிமிர்ந்து பார்க்காமல்.

தவசிலிங்கம் கைகட்டி நின்றான். “அதெல்லாம் இல்லம்மா. நாங்க நாலு பேரும் கிணத்துல விழுவோம். நீங்க ஒவ்வொருத்தரா தோள்ல தூக்கி வெளிய கொண்டாரணும். பொறவு எங்களக் கல்யாணம் பண்ணிக்கணும்.”

காந்திமதி மில்லை நிறுத்தினார்.

“இந்தப் புள்ளையுமா?”

“அவளுந்தாம்மா. இல்லன்னா அவ டீச்சர் வேலை போயிரும்.”

“எங்க வீட்டுக்காரர் விழுந்த கிணறு அந்தா இருக்கு. விழறதுன்னா போய் விழுங்க. தூக்குறதப் பொறவு பார்ப்போம். கல்யாணம்னு இன்னொரு தடவ வாயத் தொறந்தா உலக்கை வரும்.”

“உலக்கை ஏட்டுல இல்லையேம்மா” என்றான் சீனிமுகமது.

முதலில் கிணறுகளை எண்ணினார்கள். ஏட்டில் பன்னிரண்டு. ஊரில் இருந்ததோ மூன்று. மற்றதையெல்லாம் தூர்த்து ஒன்றின்மேல் கல்யாண மண்டபமும் ஒன்றின்மேல் செல்போன் கோபுரமும் எழுப்பி, மிச்சத்தின்மேல் மனைக்கற்கள் நட்டிருந்தார்கள். நாலு பேரும் கலங்கிப்போனார்கள்.

“கலங்காதீங்க” என்றாள் அறிவாளி. “ஆளுக்கு மூணு எண்ணுனோமா? நாம நாலு பேரு. கூட்டிப் பாருங்க.”

கூட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வந்தது. பொன்னுரங்கத்தின் நேர்மையை மெச்சிக்கொண்டே கிணற்றடிக்குப் போனார்கள்.

கோட்டைச்சாமி முதலில் குதித்தான். கிணற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் பிளாஸ்டிக் பையும் பாதிக்கு மேல் நிரம்பிக் கிடந்தன. மெத்தையில் விழுந்ததுபோல் விழுந்தான்.

“ஐயோ, கால் ஒடியலையே!” என்று உள்ளேயிருந்து அவன் போட்ட ஓலத்தில் ஊரே கூடிவிட்டது.

தவசிலிங்கம் அவன்மேல் குதித்தான். மரியபுஷ்பம் இருவர் மேலும் குதித்தாள். சீனிமுகமது குதிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கால் தவறி விழுந்தான். அவனுக்குத்தான் அதிர்ஷ்டம் அடித்தது, கணுக்கால் பிசகிக்கொண்டது. மற்ற மூவரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்ட பிறகுதான் மரியபுஷ்பம் குனிந்து பார்த்தாள்.

“இது வலது காலு.”

குப்பைமேல் உட்கார்ந்து தீவிரமாக விவாதித்தார்கள்.

“அவனைத் திருப்பி நிறுத்து. வலது இடப்பக்கம் வந்திரும்” என்றான் தவசிலிங்கம்.

திருப்பி நிறுத்தினார்கள். “வந்திருச்சு!” என்றான் தவசிலிங்கம். “இங்கேருந்து பார்த்தா போயிருச்சே” என்றாள் எதிரே நின்ற மரியபுஷ்பம். இன்னொரு முறை திருப்பினார்கள். செக்குமாடு மாதிரிச் சுற்றிய சீனிமுகமது கிறுகிறுத்துப் போய்ச் சுவரில் மோதினான். கல்லில் இடித்து இடது காலும் வீங்கியது.

“ஏடு சரியாயிருச்சு!” என்று நாலு பேரும் கை தட்டினார்கள். சீனிமுகமதும் தட்டினான்.

காந்திமதி ஆள் வைத்துக் கயிறு கட்டி ஒவ்வொருவராக மேலே இழுத்தார்.

“தோள்ல தூக்கணும்மா” என்று நினைவூட்டினான் கோட்டைச்சாமி.

“அந்த மனுசன் முருங்கக்கா மாதிரி இருந்தாரு, தூக்குனேன். நீங்க நாலும் நெல்லு மூட்டையால்ல இருக்கீங்க?” என்று சொல்லி, மில்லின் தள்ளுவண்டியில் நாலு பேரையும் ஏற்றி பஸ் நிறுத்தம் வரை தள்ளிக்கொண்டு போனார்.

“கல்யாணம்...” என்று தொடங்கினான் தவசிலிங்கம்.

“பஸ் வந்திருச்சு, ஏறுங்கடா!” என்றார் காந்திமதி.

பேராசிரியையிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்கள். கல்யாணம் மட்டும் பாக்கி என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். முதலில் தலையில் அடித்துக்கொண்ட பேராசிரியை, மண்டபம் வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபுரம் வந்தபோது எழுந்தே நின்றுவிட்டார்.

“அட பாவிகளா, இதைத்தானே எழுதணும்! இருந்த கிணறெல்லாம் எங்க போச்சுன்னு எவனும் போய்ப் பார்க்கலையே. பொன்னுரங்கத்தைத் தூக்கிப் போடுங்க. நீங்க பார்த்ததை எழுதுங்க.”

நாலு பேரையும் நாலு அறையில் வைத்துப் பூட்டினார். பார்த்து எழுத ஒன்றும் கிடைக்காததால், வேறு வழியில்லாமல் உண்மையை எழுதினார்கள். படித்துப் பார்த்த பேராசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது.

“தேறிட்டீங்க. இனி அட்டையில பேரைப் போட்டுக் குடுத்தா முடிஞ்சுது. ஞாபகம் இருக்கட்டும், இதுல அடுத்தவங்களோடது ஒண்ணுகூட இருக்கக் கூடாது.”

தவசிலிங்கத்தின் முகம் வெளுத்தது. மற்றவர்களை ஓரமாக அழைத்துப் போனான்.

“மோசம் போனோம். தவசிலிங்கம்ங்கிறது எங்க தாத்தா பேரு. அப்படியே எடுத்து எனக்கு வச்சிட்டாங்க. ஒரு எழுத்துகூட மாத்தல.”

“எனக்கு எங்க வாப்பாவோட வாப்பா பேரு” என்று முனகினான் சீனிமுகமது.

“எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு கோட்டைச்சாமி. எல்லாம் எல்லைச்சாமிகிட்டேருந்து எடுத்தது.”

மரியபுஷ்பம் நடுங்கிவிட்டாள். “என் வகுப்புலயே மூணு மரியபுஷ்பம் இருந்தோம். நான் மூணாவது!”

மயிரிழையில் தப்பினோம் என்று பெருமூச்சு விட்டு, உலகத்தில் அதுவரை யாருமே வைத்திராத பெயராக ஆளுக்கொன்று யோசித்தார்கள். அடுத்தவர் பார்த்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு அட்டையில் எழுதி, ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அலுவலகத்துக் குமாஸ்தா அட்டையில் இருந்ததை எழுத்து பிசகாமல் பார்த்துப் பட்டத்தில் எழுதினார். மாணவன் செய்தால் அது குற்றம், குமாஸ்தா செய்தால் உத்தியோகம்.

ஜூன் பிறப்பதற்குள் பட்டம் வந்துவிட்டது. நாலு பேரும் உறையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மரியபுஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை, வழியிலேயே பிரித்தாள். ‘ழிம்புருட்டி’ என்று இருந்தது. மற்றவர்களும் பிரித்தார்கள். தகரடிப்பான். லொங்காலன். ஞொய்யப்பன். ஒரே ஒரு தடவை எழுதிய பெயர்கள், அதற்குப்பின் யாரும் கூப்பிட்டதும் இல்லை. ஒருவருக்கும் நினைவில்லை.

“இது யாருடா?”

“யாரோ நாலு பேரோடது. மாறி வந்திருச்சு.”

“பேசாம வச்சுக்கிட்டா என்ன?” என்றான் கோட்டைச்சாமி.

தவசிலிங்கம் அவன் முதுகில் ஒன்று வைத்தான். “அடுத்தவன் உழைச்சு வாங்கினதுடா! அந்த லொங்காலன், பாவம், எந்தெந்தக் கிணத்துல விழுந்தானோ!”

“ழிம்புருட்டிக்கும் எங்கயாச்சும் ஒரு டீச்சர் வேலை காத்திருக்கும்ல?” என்று மரியபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனிமுகமதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே திரும்பி நடந்தார்கள். உரியவர்கள் வந்தால் கொடுத்துவிடும்படி நாலு பட்டத்தையும் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு, தங்களுடையது வரட்டும் என்று வரிசையில் நின்றார்கள்.

இன்றைக்கும் நிற்கிறார்கள். புதிதாக யாராவது பெண் வந்து பின்னால் நின்றால், மரியபுஷ்பம் திரும்பி ஆசையோடு கேட்கிறாள்:

“அக்கா, ழிம்புருட்டிங்கிறது நீங்கதானா?”