முதுகு சொறியச் சொன்ன பூதம்

ஒரு ஊர்ல ஒரு பூவாயி. அவளையும் சேத்து அந்த ஊர்ல ரெண்டாயிரத்து ஐந்நூத்திப் பத்தொம்பது பேரு. ஒண்ணு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

ஒரு நாள் தொம் தொம்னு மலையிலேருந்து ஒரு பூதம் எறங்கி வந்துச்சு. அதுக்கு முதுகு பூரா அரிப்பு, கை எட்டல. எல்லாரும் நான் சொல்ற கணக்குல வரிசையா நில்லுங்க, எதுலயும் சேராம மிச்சம் நிக்கிறவங்கதான் அன்னிக்கு முதுகு சொறியிற ஆளுன்னு சட்டம் போட்டுருச்சு.

மொத நாளு ரெண்டு ரெண்டா நில்லுன்னுச்சு. சரசரன்னு ஜோடி சேந்தாங்க. கடைசியா வர்றவங்க வால்லதான் நிக்கணும், நடுவுல புகுந்தா அந்த ஊர்ல மானக்கேடு. நம்ம பூவாயி என்னிக்கு நேரத்துக்கு வந்தா? தலைய வாரி, பூவ வச்சு, ஆடி அசைஞ்சு வந்தா, ஜோடியெல்லாம் முடிஞ்சுபோச்சு. பொழுது சாயுற வரைக்கும் வறட்டு வறட்டுன்னு சொறிஞ்சா.

அப்புறம் மறுநாள் மூணு மூணா. பூவாயியும், அவள இழுத்துக்கிட்டு வந்த மாமியாரும் மிச்சம். மாமியா மொறச்ச மொறப்புல பூவே வாடிப்போச்சு. அப்புறம் நாலு நாலா. மூணு பேரு மிச்சம். நகம் தேஞ்சு, வெரல் எரிஞ்சு, சோத்தப் பெசைய முடியாம பூவாயி அழுதா பாவம்.

அழுதுக்கிட்டே யோசிச்சா. எப்பப் பாரு, கடைசி வரிசைக்கு ஒரே ஒரு ஆள்தானே கொறையுது? ஊர்ல தலைக்கு ஒண்ணுன்னு புளியங்கொட்டைய எடுத்து அடுக்குனா. அஞ்சஞ்சா, ஆறாறா, பத்துப்பத்தா அடுக்குனாலும் ஒண்ணுதான் கொறையுது. அப்போ பதினொண்ணு பதினொண்ணா அடுக்கிப் பாத்தா. களுக்குன்னு சிரிச்சுட்டா. ஏன் சிரிச்சா? பொறு, அவசரப்படாத.

விடிஞ்சதும் பூதத்துக்கிட்ட போயி, "அண்ணே, நீயும் எங்களோட வந்து நில்லேன்"னா.

அதை அதுவரைக்கும் யாருமே எதுக்கும் கூப்பிட்டதில்ல. பூதத்துக்கு வெக்கமும் சந்தோசமும் தாங்கல. நெளிஞ்சு நெளிஞ்சு வந்து, பூவாயிக்குப் பின்னால வால்ல நின்னுச்சு.

அப்போ ரெண்டு ரெண்டான்னுச்சு. மிச்சமே இல்ல. மூணு மூணா, இல்ல. நாலு நாலா, ம்ஹும். வெரல மடக்கி மடக்கி பத்து வரைக்கும் போச்சு. பத்து வெரலும் தீந்துபோச்சு, சொறிய ஒரு ஆள் தேறல. முதுகோ நமநமங்குது. கால் கட்டவெரலத் தூக்கிக்கிட்டு, "பதினொண்ணு பதினொண்ணா நில்லு"ன்னு கத்துச்சு.

சரசரசரன்னு நின்னாங்க. ஊர் சனம் மொத்தமும் கச்சிதமா வரிசைக்குள்ள அடங்கிருச்சு. வால்ல ஒரே ஒரு ஆள் மிச்சம். யாரு, சொல்லு?

ம். பூதமேதான்.

பூவாயி மெதுவாத் திரும்பி முதுகக் காட்டிக்கிட்டு, "சட்டம் நீ போட்டதுதானே அண்ணே?"ன்னா. அவளுக்குப் பின்னாலயே மாமியாரும் முதுகக் காட்டி நின்னுட்டா.

அன்னியிலேருந்து யாருக்கு முதுகு அரிச்சாலும் பூதந்தான் சொறிஞ்சு விடுது. இப்ப உன் முதுகத் தடவுறது என் கைன்னா நெனச்ச? திரும்பிப் பாக்காத. கதை தலகாணிக்கு அடியில போயிப் படுத்துருச்சு, நீயும் கண்ண மூடு.