பாக்குப் போடாதவரின் பாக்குவெட்டிகள்

சொர்ணலிங்கத்துக்கு வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் கிடையாது. பாக்குவெட்டி வாங்கும் பழக்கம்தான் இருந்தது.

காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் தெரு ஒன்று உண்டு. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் அந்தத் தெருவில் கால் வைத்தார். முதலில் வாங்கியது யாளி முகம் வைத்த பித்தளைப் பாக்குவெட்டி. அதை ஆசை ஆசையாகத் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். அதில் ஒரு தப்பும் இல்லை. பிறகு மயில் வந்தது, குதிரை வந்தது, கைகூப்பி நிற்கும் பெண் வந்தாள். அதற்குப் பிறகு என்னென்ன வந்தது என்று அவருக்கே தெரியாது. சாக்குப் பையில் வந்தவை சாக்குப் பையோடு கட்டிலுக்கு அடியில் போயின.

மனைவி தெய்வானைக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கென்று எடுத்து வைத்த பணமும் ஒருநாள் அந்தத் தெருவுக்கே போய்விட்டது. வெள்ளிப் பூண் போட்ட பாக்குவெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. தெய்வானை அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"இது என்னதுங்க? எனக்குத் தெரியலையே" என்றாள்.

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

விஷயம் தெரிந்ததும் அவள் அண்ணன் தேவகோட்டையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஆபரேஷனை நான் பாத்துக்கிறேன் மாப்பிள்ளை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொர்ணலிங்கத்துக்கு இருந்தது. தெய்வானைதான் வாசலில் நின்று சொன்னாள்: "அந்தத் தெரு வழியா வெறுங்கையோட வர்றதுக்கு உங்களுக்கு எப்ப முடியுதோ, அப்பச் சொல்லி அனுப்புங்க. வர்றேன்."

ஊருக்கு வெளியே ஊருணிக் கரையில் ஒரு சின்ன மடம். மத்தியானம் வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே சோறு உண்டு. மடத்தை நடத்துபவர் அம்பலத்தம்மை. காவி கட்டியவர். சொர்ணலிங்கத்தைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். தன்னைவிடச் சின்னவரிடம் போய் நிற்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"வாங்காம இருக்க முடியலம்மா. நான் என்ன செய்யணும்?"

"இருக்கிறதுலேயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதைக் கொண்டாங்க."

மறுநாள் துணியில் சுற்றி ஒரு கிளிப் பாக்குவெட்டியைக் கொண்டுபோனார்.

"இதைப் பத்திச் சொல்லுங்க" என்றார் அம்மை.

சொர்ணலிங்கத்துக்குக் குஷி பிறந்துவிட்டது. மதுரைக்காரர் ஒருவர் இதற்கு முன்பணம் கொடுக்க வந்துகொண்டிருந்ததையும், அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் தான் முந்திக்கொண்டதையும், கடைக்காரர் சொன்ன விலையைத் தான் படிப்படியாக அடித்துப் பேசிக் குறைத்ததையும் கை காலை ஆட்டிச் சொன்னார்.

அம்மை துணியை எடுத்துப் பாக்குவெட்டியை மூடினார்.

"எப்படி வெட்டும்?"

"வெட்டிப் பார்த்ததில்லம்மா."

"கிளி எந்தப் பக்கம் பார்க்குது?"

"வலது பக்கம்... இல்ல, இடது."

"நேரே பார்க்குது" என்றார் அம்மை. "இது இங்கேயே இருக்கட்டும். அந்தத் தெருப் பக்கம் போகாம இருந்து பாருங்க."

இருந்து பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஒருநாள் மாத்திரை வாங்கப் போன கால், மருந்துக் கடையைத் தாண்டி நடந்துவிட்டது. அசன் பாய் கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு கிளி தகதகவென்று உட்கார்ந்திருந்தது. இது ஒன்றுதான், இதுதான் கடைசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவிட்டார். தெரு முனைக்கு வருவதற்குள் சந்தோஷம் வடிந்துவிட்டது.

அப்படியே மடத்துக்குப் போனார். பொட்டலத்தை அம்மையின் முன்னால் வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போயிட்டேம்மா. வாங்கிட்டேன்."

அம்மை பிரித்துப் பார்த்தார். "இது உங்க கிளிதான்."

"ஆமாம்மா. இப்பத்தானே வாங்கினேன்."

"அதைச் சொல்லலை. நீங்க இங்க விட்டுட்டுப் போன கிளியே இதுதான். நான்தான் அசன் பாய்கிட்டக் கொடுத்து அலமாரியில வைக்கச் சொன்னேன். புளி போட்டுத் தேய்ச்சது மட்டும்தான் அவர் வேலை."

சொர்ணலிங்கம் பாக்குவெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். களிம்பு போன பித்தளை கண்ணைப் பறித்தது. கிளி நேரே பார்த்துக்கொண்டிருந்தது. அவமானத்தில் காது சுட்டது. கோபமும் வந்தது.

"என்னைச் சோதிச்சீங்களாம்மா?"

"உங்களை இல்ல. இந்தக் கிளிக்கு உங்க மனசுல ஒரு வீடு இருக்கான்னு பார்த்தேன்."

அம்மை ஒரு கவரை எடுத்து நீட்டினார். அவர் வந்து சேருவதற்குள் அசன் பாய் தன் ஸ்கூட்டரில் முந்தி வந்து, கிளிக்கு வாங்கிய பணத்தைக் கவரோடு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"பிரிக்காம வச்சிருக்கேன். இது தேவகோட்டைக்குப் போகணும்."

"போயிடும்மா" என்றார் சொர்ணலிங்கம். பிறகு எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "இன்னைக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கொண்டாந்து இந்த ஊருணியில கொட்டிடறேன். ஒண்ணுகூட வேணாம். விட்டது சனி."

"வாங்கினதும் ஒரே மூச்சு. கொட்டுறதும் ஒரே மூச்சா?"

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பந்திக்குப் பாக்குச் சீவணும்" என்றார் அம்மை. "ஒரு பாக்குவெட்டி கொண்டாங்க. ஒண்ணு போதும்."

அந்த மடத்தில் சாப்பிட்டு எழுந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு உண்டு. அடுப்படிக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, சொர்ணலிங்கம் கொட்டைப்பாக்கைச் சீவ ஆரம்பித்தார். முதல் நாள் சீவல் வரவில்லை, தூள்தான் வந்தது. கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம். இரண்டாம் நாள் நான்கு பாக்குவெட்டிகளோடு வந்து நின்றார்.

"எதுக்கு நாலு?"

"ஒரு நாளைக்கு நாலுன்னா சீக்கிரம் முடிஞ்சிடுமேம்மா."

அம்மை சிரித்துவிட்டார். மூன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

நாளாக நாளாகக் கைக்குத் தெரிய ஆரம்பித்தது. யாளி அழுத்தமாக வெட்டும், ஆனால் அடம் பிடிக்கும். மயில் பார்க்கத்தான் அழகு, மூட்டு தளர்ந்து பாக்கை நழுவ விட்டுவிடும். குதிரையின் பிடியில் ஓரிடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. யாரோ ஒருவர் ஆயுசுக்கும் மோதிர விரலை அங்கேயே வைத்து வெட்டியிருக்க வேண்டும். அவர் விரலும் அங்கேதான் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அவர் வெகுநேரம் பாக்குச் சீவினார். வாங்கிய நாளில் இல்லாத சந்தோஷம் அதில் இருந்தது.

சில பாக்குவெட்டிகள் வெட்டவே வெட்டவில்லை. பழசு போலச் செய்த புதுசு அவை. முன்பென்றால் ஏமாந்துவிட்டோமே என்று குமுறியிருப்பார். இப்போது எடுத்துத் தனியாக வைத்தார். வேறு ஒன்றைப் பந்திக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் ஆசையாகக் கேட்டார். நன்றாக வெட்டுவதுதான் அது. கொஞ்சம் யோசித்தார். டிரைவரையே ஒரு பாக்கு வெட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் வெட்டிய பக்குவம் பிடித்திருந்ததால் கொடுத்துவிட்டார். இப்படி ஒவ்வொன்றாகப் போக, கட்டிலுக்கு அடியில் மெல்ல மெல்லத் தரை தெரிய ஆரம்பித்தது. வெள்ளிப் பூண் போட்டதை மட்டும் அவர் விற்றார். அந்தப் பணமும் தேவகோட்டைக்குப் போயிற்று.

தெய்வானைக்குக் கண் நன்றாகத் தெரிகிறதென்று மைத்துனர் போன் செய்தார். சொர்ணலிங்கம் அன்று சாயங்காலம் பழைய சாமான் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளும் நடந்தார். அதற்கடுத்த நாளும். பிறகுதான் சொல்லி அனுப்பினார்.

அவள் வருகிற அன்றைக்கா அது நடக்க வேண்டும்! மடத்தில் பாக்குச் சீவிக்கொண்டிருந்தவரைத் தேடி அசன் பாயே வந்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க ஐயா. பல வருஷமாக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, சொல்லாம விட மனசு வரலை" என்று ஒரு பெட்டியைத் திறந்தார்.

முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு அன்னங்கள். எஃகு அலகு. பிடியில் சின்னஞ்சிறு சலங்கை. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று சொர்ணலிங்கம் காதால் கேட்டதோடு சரி.

கையில் வாங்கினார். ஒரு பாக்கை வைத்து அழுத்தினார். சலங்கை குலுங்கியது. சீவல் காகிதம் போல மெல்லிசாக விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டைப் பையில் அன்று எடுத்த பென்ஷன் பணம் இருந்தது. மைத்துனருக்குக் கொடுக்க வேண்டிய மிச்சம் அது.

"சாயங்காலம் மெட்ராஸ்காரர் ஒருத்தர் வர்றார்" என்றார் பாய் தயங்கியபடி.

சொர்ணலிங்கம் இன்னொரு பாக்கை வெட்டினார். பிறகு பாக்குவெட்டியைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

"நல்ல பொருள் பாய். அவர்கிட்டயே கொடுத்துடுங்க."

பாய் போய்விட்டார். சொர்ணலிங்கம் சாக்கில் உட்கார்ந்தபடியே இருந்தார். எழுந்து ஓடிப் பாயைக் கூப்பிட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. ஸ்கூட்டர் சத்தம் அடங்கும்வரை சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மை வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கொடுத்துட்டேம்மா."

"பார்த்தேன்."

"ஆனா இன்னும் வேணும்னுதான் இருக்கு. இத்தனை நாள் கழிச்சும் அப்படியேதான் இருக்கு. இந்த ஆசை எப்பம்மா போகும்?"

அம்மை அவர் மடியில் கிடந்த பாக்குத் தூளைத் தட்டிவிட்டார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். தேவகோட்டை பஸ் வர்ற நேரமாச்சு, நீங்க கிளம்புங்க."