நேர்ச்சத்தம்

செலினா டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. அவருடைய சீடர் ஞானதுரைக்கு ஐம்பத்தெட்டு. குரு என்றால் தாடி நரைத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் தூத்துக்குடியில் அந்த மாடி அறைக்கு ஒருதரம் போய்வரலாம்.

ஞாயிறு மாலைகளில் அங்கே டீச்சர் கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல் பெட்டிகள் செய்யக் கற்றுக்கொடுப்பார். ஞானதுரை செய்தது டிலே பெடல். அதை மாட்டிக்கொண்டு தந்தியை மீட்டினால் ஸ்பீக்கரில் முதலில் தந்தியின் நேர்ச்சத்தம் வரும். அதை ட்ரை என்பார்கள். சற்றுப் பொறுத்து அதே சத்தம் எதிரொலியாக வரும். அது வெட். இரண்டும் பெட்டிக்குள் தனித்தனி வழியில் போய்க் கடைசியில் கலக்கும்.

ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஞானதுரை வந்தார்.

“டீச்சர், ட்ரை வேண்டாம். வெட் மட்டும் வந்தாப் போதும்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“கேக்க நல்லாருக்கும்லா.”

டீச்சர் அவருடைய இடது கையைப் பார்த்தார். மழைக்காலத்தில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அதில் இரண்டு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தந்தியை அரைகுறையாக அழுத்தும். சத்தம் பிசிறும்.

“பெனிட்டா என்னைக்குக் கிளம்புதா?”

“திங்கக்கிழமை. அயர்லாந்துல பெரிய ஆஸ்பத்திரி டீச்சர், நர்ஸ் வேலை.” மகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஞாயித்துக்கிழமை கோயில் ஆராதனையில அவ பாடுதா. நான் வாசிக்கேன்.”

“கை விஷயம் அவளுக்குத் தெரியுமா?”

“அன்னைக்கு வந்தது லேசான மயக்கம்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா போக மாட்டா. அவ அம்மா போனதுல இருந்து நாங்க ரெண்டு பேருதான டீச்சர்.”

ஒரு தகப்பன் பொய் சொல்ல இவ்வளவு கம்பி வேலை தேவைப்படுகிறதே என்று இதைச் சொல்கிற எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. டீச்சர் சிரிக்கவில்லை. புத்தியும் சொல்லவில்லை. பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

“ட்ரை போற வழியில இந்த ரெசிஸ்டர் இருக்கு. இதோட ஒரு காலை போர்டுல இருந்து தூக்கிவிட்டாப் போதும், ட்ரை வராது. போர்டை நான் பிடிக்கட்டுமா?”

“வேண்டாம், நானே பாத்துக்கிடுதேன்.”

போர்டு இடது கையில் நிற்கவில்லை. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் வழுக்கி விரலைச் சுட்டது. கையை உதறிக்கொண்டாரே தவிர, உதவி கேட்கவில்லை. எப்படியோ அந்தக் காலைத் தூக்கிவிட்டார்.

வாசித்துப் பார்த்தார்கள். மீட்டினால் முதலில் ஒன்றுமில்லை. பிறகு எதிரொலி மட்டும் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததில் சுரம் எது, பிசிறு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஞானதுரையின் முகம் மலர்ந்தது.

“ஒண்ணும் தெரியல, பாத்தீங்களா!”

“ஆமா, தெரியல.”

சனிக்கிழமை மாலை அவர் மறுபடி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. கோயிலில் ஒத்திகை நடந்ததாம். பெனிட்டா சிறு பிள்ளையிலிருந்தே அப்பாவின் வலது கை தந்தியில் விழுவதைப் பார்த்துத்தான் பாட்டை எடுப்பாள். அன்றும் அப்படியே எடுத்தாள். கிட்டார் சத்தம் பிந்தி வந்தது. அடுத்த வரியிலும் அவள்தான் முன்னால். கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டாள்.

“‘அப்பா, கை இங்க இருக்கு, நீங்க எங்க இருக்கீங்க’ன்னு கேட்டுட்டா டீச்சர்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பெடல் ரிப்பேர்னு சொன்னேன்.” அவர் பெட்டியை டீச்சர் முன்னால் வைத்தார். “எதிரொலி சீக்கிரம் வர்ற மாதிரி செய்யலாமா?”

டீச்சர் எதிரொலி நேரத்துக்கான திருகைக் குறைத்தார். எதிரொலி கையை ஒட்டியே வந்தது. பிசிறும் கூடவே பளிச்சென்று வந்தது. ஞானதுரை தலையை ஆட்டினார்.

“சீக்கிரமும் வரணும், பிசிறும் தெரியக் கூடாது. அதுக்கு ஒரு வழி இல்லியா?”

டீச்சர் திருகைப் பழையபடி கூட்டினார். கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு தந்தியை வேண்டுமென்றே அரைகுறையாக அழுத்தி, ஒரே ஒருமுறை மீட்டினார். மீட்டியதும் இரண்டு கைகளையும் எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஸ்பீக்கரில் சத்தமில்லை. பிறகு பிசிறிய சுரம் வந்தது. மறுபடி வந்தது. இன்னும் மெல்லியதாக இன்னொரு தரமும் வந்தது.

“இதுலயும் பிசிறு இருக்குல்லா அண்ணாச்சி?”

“இருக்கு. ஆனா லேட்டாத்தான வருது. எனக்கு அது போதும் டீச்சர். திங்கக்கிழமை அவ பிளேன் ஏறிரட்டும். அங்க போய்ச் சேந்தப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது.”

டீச்சர் கைகளை முன்னால் கொண்டுவரவில்லை.

“அப்ப அவ அங்க இருந்து எந்தக் கையைப் பிடிப்பா?”

ஞானதுரை தன் இடது கையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார். பெட்டியைத் திறந்து, தூக்கிவிட்ட ரெசிஸ்டர் காலை மறுபடி அதன் துளையில் வைத்து, போர்டை டீச்சரிடம் நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் பிடிங்க டீச்சர்.”