கழுகு முத்திரை

கணவாய்க்குக் கீழே, வண்டிமாடுகளை அவிழ்த்துவிட்டு இளைப்பாறுகிற இடத்தில், உலகாயி அம்மையின் கஞ்சி மடம் இருந்தது. மலையேறப் போகிறவர்களும் இறங்கி வந்தவர்களும் அங்கே ஒரு கலயம் குடிக்காமல் போவதில்லை.

அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளுடைய சீடன் சங்கிலிமாடனுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. பாளையத்தின் கணவாய்க் காவலுக்கு அவன்தான் தலைவன். தான் கொன்றவர்களின் முகங்கள் ஒன்றோடொன்று குழம்பத் தொடங்கிய வருஷத்தில் அவளிடம் வந்து சேர்ந்தான். அவள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. விறகு பிளக்கச் சொன்னாள். பிளந்தான். அன்றிலிருந்து ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வந்து பிளந்துகொண்டிருக்கிறான்.

அன்று காலை கோடாரியைத் தொடாமல் அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லும்."

"கடற்கரை வியாபாரி ஒருத்தன் கழுகு முத்திரைக் கைத்துப்பாக்கி மறுபடியும் கொண்டுவந்திருக்கான். காவல்காரங்க எல்லாருக்கும் அதையே வாங்கிடலாமான்னு அரண்மனையில கேக்குறாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். நம்பி வாங்கலாமா?"

"எனக்கு அகப்பை பிடிக்கத்தான் தெரியும். வச்சிருக்கிறவங்ககிட்டக் கேளும்."

"கேட்டுட்டேன். ஒருத்தர் விடாமக் கேட்டுட்டேன். இதுமாதிரி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு எல்லாரும் ஒரே வாயாச் சொல்றாங்க."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

சங்கிலிமாடன் பிடரியைத் தடவிக்கொண்டான். "அதுதான் தெரியல. மனசு ஒப்ப மாட்டேங்குது."

அம்மை அடுப்பிலிருந்து ஒரு கட்டையை இழுத்துத் தீயைக் குறைத்தாள்.

"யார் யார்கிட்டக் கேட்டீர்?"

"குதிரை வியாபாரி ராவுத்தர்கிட்ட. காட்டுப் பாதையில திருடனுங்க மறிச்சப்போ இதை எடுத்து நீட்டினாராம். நீட்டினதுமே ஓடிட்டானுங்களாம்."

"சுட்டாரா?"

"அதுக்கு அவசியமே வரலையாம்."

"சரி. அப்புறம்?"

"அரண்மனை ராசாவோட மைத்துனர். விஜயதசமிக்கு இளநீரைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டார். குறி தப்பவே இல்ல."

"இளநீர் அரிவாளோட எதிர்ல வராது. அப்புறம்?"

"கோயில் காவல் பெரியவர். பட்டுத் துணியில சுத்தி வச்சிருக்கார். ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லன்னு உருகிப்போய்ச் சொன்னார்."

"பட்டைப் பிரிச்சுச் சுட்டது எப்போவாம்?"

அவன் அதைக் கேட்டிருக்கவில்லை.

"இவங்க எல்லாம் யார் சொல்லி இதை வாங்கினாங்க?"

சங்கிலிமாடனின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே அவனுடைய துப்பாக்கி செருகியிருந்தது. பிடியில் சிறகு விரித்த வெள்ளிக் கழுகு.

"இந்தச் சீமையில முதல்ல வாங்கினவன் நான்தான்" என்றான். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

அம்மை பானையை மூடிவிட்டு எழுந்தாள். "எழும்பும். நீர் கேக்காத ஆள் ஒண்ணு இருக்கு."

இருவரும் ஊருக்குள் நடந்தார்கள். எங்கே போகிறோம் என்று அவன் கேட்கவில்லை. மேலத்தெருக் கடைசியில் அம்மை நின்றபோது அவன் இரண்டடி பின்னாலேயே நின்றுவிட்டான். அது மாசாணத்தின் வீடு. மாசாணம் அவனுடைய காவல்காரன். போன ஐப்பசியில் கணவாயில் கொள்ளைக்காரர்கள் வெட்டிப் போட்டார்கள். கையில் கழுகு முத்திரைத் துப்பாக்கி இருந்தது. அது வெடிக்கவில்லை.

மாசாணத்தின் மனைவி செல்லாச்சி முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். தலைவனைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழப்போனாள். அம்மை கையமர்த்தினாள்.

"செல்லாச்சி, உன் வீட்டுக்காரர் வச்சிருந்த துப்பாக்கி எப்படி?"

"நல்ல துப்பாக்கிம்மா. அதுமேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. மனுஷன்தான் சரியில்ல. வெடிமருந்தை ஈரம் படவிட்டுட்டாரு."

"அப்படின்னு யார் சொன்னது?"

"தலைவர்தான். பாடை தூக்குறப்போ எல்லார் முன்னாலயும் சொன்னாரே." அவள் குரலில் கோபம் இல்லை. "அதுவரைக்கும் அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன். அதைக் கேட்டப்புறம் எனக்கு அழுகை நின்னுபோச்சு. ஒரு பிடி மருந்தைக் காயவச்சுக்கத் தெரியாத ஆளுக்கு நான் எதுக்கு அழணும்? கல்லு நட்டுப் படையல் போடச் சொன்னாங்க. போடல."

"அன்னைக்கு நல்ல மழையோ?"

"மழையா? போன ஐப்பசியில ஏது மழை? ஒரு பொட்டு விழலையே. கிணறு வத்தி மாட்டை ஓட்டிவிட்ட வருஷம்ல அது."

சொல்லிவிட்டுச் சுத்தியலை ஓங்கியவள் ஏனோ அப்படியே நிறுத்தி அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

சங்கிலிமாடன் தரையைப் பார்த்து நின்றான். மாசாணத்தின் விரல்களைப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்தவன் அவன்தான். கவிழ்த்ததும் மருந்து மாவுபோல உதிர்ந்து காற்றில் போனது. ஈர மருந்து அப்படி உதிராது. அதை அன்றைக்கே பார்த்தான். இடுப்பில் இருந்த கழுகின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஈர மருந்து என்று சொன்னான்.

"அந்தத் துப்பாக்கி இப்போ எங்க இருக்கு?" அம்மை கேட்டாள்.

"என் கொழுந்தன் கொம்பையாகிட்ட. தலைவர் புண்ணியத்துல அண்ணன் வேலையும் அண்ணன் துப்பாக்கியும் அவனுக்கே கிடைச்சுது. இன்னைக்கும் கணவாய்லதான் நிக்குறான்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் சங்கிலிமாடன் தெருவில் இறங்கியிருந்தான். ஐம்பது வயதுக்கு அந்த ஏற்றம் ஓடக்கூடியது அல்ல. ஓடினான். பாதி வழியில் மூச்சு முட்டிப் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகும் ஓடினான்.

மீசை நரைக்கத் தொடங்கிய கொம்பையா பாறை நிழலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். பதறி எழுந்து வாயைத் துடைத்தான்.

"என்ன தலைவரே?"

"துப்பாக்கியைக் கொடு."

சங்கிலிமாடன் தன் மருந்தைப் போட்டு, குண்டை இறக்கி, எதிரே இருந்த பட்ட மரத்தைக் குறிபார்த்து விசையை இழுத்தான். வெடித்தது. குரங்குகள் அலறிக்கொண்டு சிதறின. மரத்தில் பட்டை தெறித்தது.

அவனுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அதற்குள் அம்மை ஏறி வந்துவிட்டாள்.

"பாத்தீங்களாம்மா? வெடிக்குது."

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் வெடித்தது. அவன் சிரித்தேவிட்டான்.

"இன்னொரு தடவை."

டக்கென்று ஓசை மட்டும் வந்தது. பொறி விழவில்லை. மறுபடி இழுத்தான். மறுபடியும் அதே ஓசை.

கொம்பையா முந்திக்கொண்டு பேசினான். "சக்கிமுக்கிக் கல்லு தேஞ்சிருக்கும் தலைவரே. காலையிலயே மாத்தியிருக்கணும். சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன். என் தப்புதான், மன்னிச்சுக்கிடுங்க."

சங்கிலிமாடன் தன் பையிலிருந்து புதுக் கல்லை எடுத்து மாட்டினான். ஒருமுறை வெடித்தது. அடுத்த முறை டக்.

துப்பாக்கியைக் கவிழ்த்தான். மருந்து மாவுபோல உதிர்ந்தது.

"நான் சரியா எண்ணெய் போடலையோ?" என்றான் கொம்பையா.

சங்கிலிமாடன் தன் கழுகையும் இடுப்பிலிருந்து உருவினான். இரண்டையும் மேல்துண்டில் சுற்றினான். பாறையில் சாத்தியிருந்த வேல்கம்பை எடுத்துக் கொம்பையாவின் கையில் கொடுத்தான். "இனிமே இது போதும். கூட ரெண்டு ஆளை அனுப்புறேன். அதுவரைக்கும் தனியா நிக்காத, கீழே வந்துடு."

"ஏன் தலைவரே? நல்ல துப்பாக்கிதானே?"

தலைவன் துண்டு மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தான்.

இறங்கும்போது சங்கிலிமாடன் மடத்துப் பக்கம் திரும்பவில்லை. நேரே செல்லாச்சியின் முற்றத்தில் போய் நின்றான். அவள் இன்னும் புளியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"தாயி, மாசாணத்து மேல தப்பு இல்ல" என்றான். "மருந்து காஞ்சுதான் இருந்தது. துப்பாக்கிதான் வெடிக்கல. அன்னைக்கே என் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டுத்தான் மாத்திச் சொன்னேன்."

அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

"விசையை இழுத்தாரா?" என்று கேட்டாள்.

"இழுத்திருக்கான். துப்பாக்கியில கல்லு தட்டி இறங்கியிருந்தது."

"ஓடப் பாக்கலையா?"

"இல்ல தாயி. வெட்டெல்லாம் முன்பக்கம்தான்."

செல்லாச்சி எழுந்தாள். மடியில் இருந்த கொட்டைகள் முற்றமெங்கும் உருண்டன. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நின்று ஒரு வருஷமான அழுகை அந்த வீட்டில் எழுந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள்.

சங்கிலிமாடன் அவர்களுக்கு வழிவிட்டு விலகினான். தெருமுனையில் அம்மை நின்றுகொண்டிருந்தாள். இருவரும் நடந்தார்கள். கணவாய் இறங்கி வந்த பொதிவண்டி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"நாளைக்கு அரண்மனையில வேண்டாம்னு சொல்லிடுவேன்" என்றான் அவன்.

அம்மை முகத்தில் படிந்த புழுதியைத் துடைத்தாள்.

"ஊரெல்லாம் சுத்திச் சுத்திக் கேட்டேன். கடைசித் தெருவுல இருக்கிறவளை விட்டுட்டேன். முதல்லயே இவகிட்டக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா, நல்ல துப்பாக்கின்னுதான் சொல்லியிருப்பா" என்றாள் அம்மை.