மாலைக்குள் வந்த பூவாயி

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததில்லை. உதவித்தொகை அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அண்ணன் சொன்னார். அவருக்கு அவருடைய விடுதி நண்பர் சொன்னாராம். இடையில் யார் எவ்வளவு கூட்டிச் சொன்னார்கள் என்று தெரியாது. சிரிப்பு வராத இடமெல்லாம் நான் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்கோட்டை என்று ஒரு நாடு. அதன் அரசர் இளவழுதி தலைநகரில் பெரிய கல்விச்சாலை ஒன்றைக் கட்டினார். வசதியில்லாத பிள்ளைகளின் செலவை அரண்மனையே ஏற்கும் என்று அறிவித்தார். ஆணையில் இருந்தது ஒரே வரி: "பௌர்ணமியன்று மாலைக்குள் வந்து கேட்பவரின் படிப்புச் செலவு அரசருடையது."

பூவாயி உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண். அந்த வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள்தான். உதவி கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு உப்பு வாரப் போகவேண்டும். அந்தப் பயத்தில் ஒரு வாரம் முன்னதாகவே அரண்மனைக்கு வந்துவிட்டாள்.

பொக்கிஷதார் மதிவாணர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பௌர்ணமி என்றைக்கு என்று தெரியுமா?"

"தெரியும் அய்யா. மறந்துருவேனோன்னு பயந்து வந்துட்டேன்."

"போய்விட்டு அன்றைக்கே வா."

பௌர்ணமியன்று விடியும் முன்பே வந்து முதல் ஆளாக நின்றாள். அடுத்து வந்தவன் தளபதியின் மகன்; ஆணையில் வசதி பற்றி ஒரு சொல்லும் இல்லையே. "இது வேற வரிசை மாதிரி இருக்கே" என்று அவன் சும்மா சொல்லிவைத்தான். பூவாயி பதறிப்போய் விசாரிக்கப் போனாள். அது சரியான வரிசைதான். ஆனால் அவள் திரும்பி வருவதற்குள் கூட்டம் குளக்கரை வரை போயிருந்தது. கடைசியில் போய் நின்றாள். நின்றவள் சும்மாவும் இருக்கவில்லை. "எனக்குச் சந்தேகம் நிறைய இருக்கு, நீங்க முன்னால போங்க" என்று பின்னால் வந்தவர்களையும் அனுப்பிவைத்தாள்.

(இந்த இடத்தை நான் சேர்க்கவில்லை. ஆனால் அண்ணன் சொல்லும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.)

அவள் முறை வந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. மதிவாணர் கதவைச் சாத்தினார். "நேரம் முடிந்தது. அடுத்த வருஷம் வா."

அந்த வழியாக வந்தார் சாத்தையன். அவையில் வேடிக்கையாகப் பேசியே சம்பளம் வாங்குகிறவர். கதவடியில் நின்று அழுதவளிடம் விவரம் கேட்டு, நேரே அரசரிடம் கூட்டிப்போனார்.

"அரசே, இந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் நின்றவள். இவளைப் பார்த்தால் என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதையும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் போட்டுவிட்டேன்."

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பின்னாலேயே ஓடிவந்த மதிவாணர், "அரசே, இன்று இவளுக்காக ஆணையை வளைத்தால் நாளை அதை யார் மதிப்பார்கள்?" என்றார்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது அரசருக்கு. "சாத்தையா, ஆணையில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. அப்படியே வைத்து இவளுக்கு உதவி வாங்கிக் கொடு. முடியாவிட்டால் நீயும் இவளோடு உப்பளத்துக்குப் போ."

"போகத் தயார் அரசே. ஆனால் அங்கே என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் சந்தேகம். கொஞ்ச நேரம் கொடுங்கள்."

சொல்லிவிட்டு வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது அவருக்குப் பின்னால் நாலு பேர் ஒரு மாலையைத் தூக்கிவந்தார்கள். கோயில் தேருக்குச் சாத்துகிற மாலை. அவை நடுவே வளையமாகப் பிடித்து நிறுத்தினார்கள்.

"பூவாயி, இதுக்குள்ளே வா."

"அய்யா, எந்தப் பக்கமா வரணும்?"

"எந்தப் பக்கமா வந்தாலும் உள்ளேதான் அம்மா. வா!"

பூ மிதிபடாமல் குனிந்து உள்ளே வந்தாள்.

"இப்போ கேளு."

"என்ன கேக்கணும்?"

சாத்தையன் தலையில் கைவைத்துக்கொண்டார். "படிப்புச் செலவு!"

"படிப்புச் செலவு வேணும், மகாராசா."

சாத்தையன் அரசர் பக்கம் திரும்பினார். "பௌர்ணமி நிலா இப்போதுதான் கிளம்பியிருக்கிறது. ஆகவே நாள் சரி. மாலைக்குள் வரச் சொன்னீர்கள், வந்துவிட்டாள். கேட்கச் சொன்னீர்கள், கேட்டுவிட்டாள்."

மதிவாணர் குதித்தார். "ஆணையில் சொன்னது மாலை நேரத்தை!"

"நேரம் என்ற சொல் ஆணையில் எங்கே இருக்கிறது? நீங்களாகச் சேர்க்கிறீர்களே ஐயா! ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று அரசர் இப்போதுதானே சொன்னார்? வேண்டுமானால் நீங்களும் உள்ளே வந்து பாருங்கள். இடம் இருக்கிறது."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். மதிவாணரும் வாயை மூடிக்கொண்டு சிரித்ததாக அண்ணன் சொன்னார். பூவாயிக்கு அன்றே படிப்புச் செலவு கிடைத்தது. சாத்தையனுக்கு அரசர் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார். "அடுத்த ஆணையை நீயே எழுது" என்றும் சொன்னார்.

"வேண்டாம் அரசே. நான் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கிடைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் பார்த்தேன். மாலை என்றால் சாயங்காலம், மாலை என்றால் பூமாலை, இரண்டும் இருக்கின்றன. சந்தேகம் தீராமல் எங்கள் கல்லூரி அறிவிப்பையும் எடுத்துப் பார்த்தேன். "மாலை ஐந்து மணிக்குள்" என்று போட்டிருக்கிறது. ஐந்தே மணி கோத்த மாலைக்குள் என் தலைகூட நுழையாது. அதனால் மறுநாள் காலையிலேயே போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.