குளிர் போன வழி

வட்டக்குளத்தில் எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் முதலில் கொம்பையாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு தென்காசியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். கொம்பையாவுக்கு இதில் வருத்தம் கிடையாது. "நாம ஆரம்பிச்சு வைக்கோம், அவங்க முடிக்காங்க. தொழில்னா நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கணும்" என்பார்.

கடையில் மொத்தம் மூன்று பேர். ஸ்பானர் பை கொம்பையாவிடம் இருந்ததால் அவர் தலைமை மெக்கானிக். சுடலையாண்டிக்குத் தோள் அகலம், அதனால் தூக்குவதும் நகர்த்துவதும் அவன் பொறுப்பு. மூன்றாமவன் மாசானமுத்து, கொம்பையாவின் மச்சினன். போன் அவனிடம் இருந்தது. ஆகவே யோசிக்கிற வேலையும் அவனுக்கே வந்து சேர்ந்தது. அவனும் மறுக்கவில்லை. மூன்று பேரில் மூளை தனக்குத்தான் என்று அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு நம்பிக்கை.

ஆனால் அந்த வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னும் ஒரு வேலையைக் கெடுத்தீங்கன்னா நீங்க எங்க அப்பா உப்பளத்துக்குத்தான் வேலைக்குப் போகணும்" என்று பெண்டாட்டி சொல்லிவிட்டாள். அந்த உப்பளத்தில் ஏற்கெனவே மூன்று மாதம் இருந்தவன் அவன். 'உப்பை வாரு' என்று மாமனார் சொன்னபோது சீப்பைத் தேடியவன். மறுபடி அந்த வெயிலில், அந்த மாமனார் முன்னால் போய் நிற்க அவனால் முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் சொர்ணக்கிளியின் மெஷின் படுத்துக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டி அது. காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் உறைந்த பரோட்டாவோ, மீன் கட்லெட்டோ, பச்சைப் பட்டாணியோ, எது கேட்டோமோ அது பொத்தென்று கீழே விழும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கித் தின்னலாம். சொர்ணக்கிளி ஆசை ஆசையாய் வாங்கி வைத்தது. ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதில் குளிர் நின்றுபோனது. தென்காசி ஆள் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் அவள் கொம்பையாவுக்கு ஆள் அனுப்பினாள்.

மூவரும் வந்து சேர்வதற்குள் பரோட்டாவையும் கட்லெட்டையும் மீன் கடைக்காரரின் ஐஸ் பெட்டிக்கு மாற்றியிருந்தாள். பட்டாணிக்கு மட்டும் அதில் இடமில்லை.

"ஏ கொம்பையா, அந்த ஐஸ் நாலு மணி வரைக்கும்தான் தாங்கும். அதுக்குள்ள மெஷின் ஓடலன்னா என் பொழப்பே போச்சு. கம்பெனி இன்ஜினியர் நம்பர் தாரேன். அவர் என்ன சொல்லுதாரோ அதை மட்டும் செய்யுங்க. சொந்தமா ஒன்னும் செஞ்சிராதீங்க!"

அந்தக் கடைசி வாக்கியத்தை மூவரும் நெஞ்சில் இறக்கிக்கொண்டார்கள். அவள் போன கொஞ்ச நேரத்தில் சுடலையாண்டிக்கு மூக்கு அரித்தது. இன்ஜினியர் சொல்லாமல் சொறியலாமா என்று கொம்பையாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொறிந்தான்.

மாசானமுத்து போன் போட்டான். சென்னையில் இன்ஜினியர் ராகவேந்திரன் எடுத்தார்.

"மொதல்ல மெஷினை ஆஃப் பண்ணிட்டுக் கதவைத் திறங்க. எல்லா இடத்துலயும் வர்ற பிரச்சினைதான். காயில்ல தூசி அடைச்சிருக்கும். நல்லாத் துடைச்சிட்டுக் கூப்பிடுங்க."

காயில் என்பது மெஷினுக்குப் பின்பக்கம் இருக்கும் குழாய்ச் சுருள். அதில் தூசி படிந்தால் குளிர் வராது. இது ராகவேந்திரனுக்குத் தெரியும், இப்போது நமக்கும் தெரியும். மாசானமுத்துவுக்குத் தெரியாது.

"என்னவாம்?" என்றார் கொம்பையா.

"காயில தூசி இருக்காம் அத்தான். துடைக்கணுமாம்."

மூவரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இருந்தது பட்டாணி மட்டும். பதினாறு பாக்கெட்.

"பட்டாணி எப்படி அண்ணாச்சி காயாவும்? அது பயறுல்லா?" என்றான் சுடலையாண்டி.

"காய்ஞ்சா பயறு. பச்சையா இருந்தா காய்."

"காய்ஞ்சாத்தானே அண்ணாச்சி காய்னு சொல்லணும்?"

கொம்பையாவுக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. ஸ்பானரால் முதுகைச் சொறிந்தபடி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். கடைசியில் மாசானமுத்துதான் தீர்த்து வைத்தான். "எங்க வீட்ல அதைக் குருமாவுல போடுவாங்க அத்தான். குருமாவுல போட்டா அது காய்தான்."

"எங்க வீட்ல கோழியும் போடுவாங்களே" என்றான் சுடலையாண்டி. நேரமாகிவிட்டதால் இதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பெஞ்சில் துண்டை விரித்தார்கள். பதினாறு பாக்கெட்டையும் பிரித்துக் கொட்டினார்கள். ஒவ்வொரு பட்டாணியாக எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்தப் பக்கம் வைத்தார்கள். சங்கரன்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் ஏதோ கல்யாண வீட்டு வேலை என்று நினைத்து உட்கார்ந்து கொஞ்சம் துடைத்துக் கொடுத்தார்கள். முடியும்போது மணி பன்னிரண்டு.

"துடைச்சாச்சா?" என்று கேட்டார் ராகவேந்திரன்.

"ஒன்னு விடாமத் துடைச்சாச்சு சார்."

"வெரி குட். இப்ப ஆன் பண்ணுங்க. ஃபேன் ஓடுதா?"

மாசானமுத்து குனிந்து பார்த்தான். "ஓடலை சார்."

"ஓடலையா?"

"இல்ல சார். நின்ன எடத்துலயே சுத்திக்கிட்டு இருக்கு."

"சரி. இன்னும் குளிர் வரலன்னா கேஸ் லீக் ஆகுதான்னு பாக்கணும். பிளக்கை உருவிட்டு சோப்பு நுரை போட்டுப் பாருங்க. எங்க குமிழி வருதுன்னு சொல்லுங்க."

எந்தச் சோப்பு என்று அவர் சொல்லவில்லை. துணி சோப்புத்தான் நுரைக்கும் என்றான் சுடலையாண்டி.

"இது என்ன மெஷின்?" என்று கேட்டார் கொம்பையா.

"குளிர்ற மெஷின்."

"அப்ப குளிக்கிற சோப்புதாம்ல போடணும்."

மூன்று சந்தன சோப்பு வாங்கிவந்தார்கள். பஸ் கழுவுகிற இடத்திலிருந்து ரப்பர் குழாயை இழுத்தார்கள். சுடலையாண்டி உச்சியிலிருந்து ஆரம்பித்து, முதுகுப் பக்கம் வந்ததும் கம்பி வலையைத் திறந்துவிட்டு உள்ளே கைவிட்டு அங்கிருந்த குழாய்ச் சுருளையும் தேய்த்தான். கன்னங்கரேலென்று அழுக்குத் தண்ணீர் ஓடியது. "எத்தனை நாளாக் குளிக்காம நின்னுருக்கு, பாவம்" என்றார் கொம்பையா.

"சார், குமிழி வந்துட்டு!" என்று போனில் கத்தினான் மாசானமுத்து.

"எந்த இடத்துல?"

"முன்னால, பின்னால, மண்டையில, எல்லாத்துலயும் சார். ஒன்னு சங்கரன்கோவில் பஸ்ல ஏறிட்டு."

"கதவையாவது மூடி வச்சிருக்கீங்களா?"

"நீங்க மூடச் சொல்லலையே சார்."

"அய்யோ! காலையில இருந்து திறந்தா கிடக்கு? குளிர் பூரா வெளிய போயிருக்குமேய்யா! நல்லாத் துடைச்சு, வெயில்ல காயவிட்டு, மூடி, ஆன் பண்ணுங்க. போன குளிர் திரும்பி வர்ற வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க!"

போனை வைத்துவிட்டு மாசானமுத்து சுற்றிலும் பார்த்தான். குளிர் போய்விட்டது. அதுவும் பஸ் ஸ்டாண்டில் இருந்து. எட்டுத் திசைக்கும் பஸ் போகிற இடத்தில் அதை எங்கே போய்த் தேடுவது? கண்ணுக்கு முன்னால் உப்பளம் பளபளவென்று தெரிந்தது.

மெஷினைத் துடைத்துக் காயவைத்துவிட்டுத் தேடப் புறப்பட்டார்கள். சுடலையாண்டி டைம் கீப்பரிடம் போய், "இந்தப் பக்கம் குளிர் போச்சா சார்?" என்று கேட்டான். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "குற்றாலம் பஸ்ஸைப் பாரு" என்றார். அவன் அந்தப் பஸ்ஸில் ஏறி, சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு வந்தான்.

அப்போதுதான் மாசானமுத்துவின் கண்ணில் பூதத்தான் பட்டார். ஆட்டுத் தரகர். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், கம்பளியைக் காது வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் சுருண்டிருந்தார். பல் கடகடவென்று அடித்தது. "குளிருதே, ஐயோ குளிருதே" என்று முனகிக்கொண்டிருந்தார்.

"அத்தான், கெடச்சிட்டு!"

மூவரும் அவரைச் சுற்றி நின்றார்கள். "அண்ணாச்சி, உங்களுக்கு எத்தனை மணியில இருந்து குளிருது?" என்று பதமாகக் கேட்டான் மாசானமுத்து.

"காலையில... பத்து மணி... இருக்கும்ல..."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இனிச் சந்தேகத்துக்கே இடமில்லை.

"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. அது எங்க குளிரு."

"எடுத்துக்கிட்டுப் போங்கல!" என்றார் பூதத்தான் பல் அடிக்க. "யாரு... வேண்டாம்னா?"

இவ்வளவு நல்ல மனிதரை மூவரும் அதுவரை பார்த்ததில்லை. சுடலையாண்டி பெஞ்சோடு அவரைத் தூக்கிவந்து மெஷினின் முதுகோடு முதுகாகச் சாய்த்து வைத்தான். சுவிட்சைப் போட்டார்கள். மெஷின் 'உம்' என்று இரைந்தது. அதன் பின்பக்கம் வெதுவெதுப்பாக இருந்ததால் பூதத்தானும் நகரவில்லை. மடியிலிருந்த காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அவர் தூங்கும்போது குளிர் வேறு பக்கம் கசிந்துவிடக் கூடாதென்று கம்பளியைச் சுற்றி இறுக்கிவிட்டார்கள்.

பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கொம்பையா ஒரு கையை அவர் நெற்றியிலும் மறு கையைக் கண்ணாடியிலும் வைத்துப் பார்த்தார்.

"எறங்குதா அத்தான்?"

"எறங்குது மாப்ள. சத்தம் போடாத, பாதியில நின்னுறப் போவுது."

மூன்றரை மணிக்குப் பூதத்தானுக்குக் குப்பென்று வியர்த்தது. கம்பளியை உதறிவிட்டு எழுந்து, "அப்பாடா, எல்லாம் போயிட்டு" என்றார். அதே சமயம் கண்ணாடியில் வெள்ளையாகப் பனி படர்ந்தது. மாசானமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. பூதத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "வேற ஆளா இருந்தா தரமாட்டாங்க அண்ணாச்சி" என்றான். அவர் விழித்துப் பார்த்துவிட்டுச் சுரண்டை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நாலு மணிக்கு சொர்ணக்கிளி ஓடிவந்தாள். கதவைத் திறந்து கையை விட்டாள். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஏ, கை விறைக்குதே! எப்படிய்யா?"

"ஒன்னுமில்ல தாயீ" என்றார் கொம்பையா அடக்கமாக. "போன எடம் தெரிஞ்சா மீட்டுக்கிட்டு வந்துறலாம்."

இது ஏதோ தொழில் பேச்சு என்று நினைத்துக்கொண்டாள். பட்டாணி ஏன் பெஞ்சில் கிடக்கிறது என்று கேட்க வாயெடுத்தவள், மெஷின் ஓடுகிற சந்தோஷத்தில் அதையும் விட்டுவிட்டாள். ரயிலடியில் இருக்கும் தன் ஐஸ்கிரீம் மெஷினையும் இனி அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். மாசானமுத்து அன்று வீட்டுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த வாரமே ரயிலடி மெஷினில் குளிர் நின்றது. இந்தமுறை அவர்கள் பதறவில்லை. இன்ஜினியரைக் கூப்பிடவில்லை. ஸ்பானர் பையைக்கூடக் கடையிலேயே வைத்துவிட்டு, ஒரு தட்டு வண்டியை மட்டும் தள்ளிக்கொண்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக் காய்ச்சல் வார்டுக்குப் போனார்கள்.

"யாரைப் பாக்கணும்?" என்றாள் நர்ஸ்.

மாசானமுத்து கட்டில்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். முதல் கட்டில்காரர் லேசாக நடுங்கினார். உதட்டைப் பிதுக்கினான்.

"ஐஸ்கிரீம் மெஷின் சிஸ்டர், இதெல்லாம் பத்தாது" என்றான். "நல்லாப் பல்லு அடிக்கிற ஆளா ரெண்டு பேர் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிக் கொண்டாந்து விட்டுருதோம்."