நாலாவது கட்டம்

ஜெர்மனியில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்கும்? தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள் என்று நினைத்தால், உங்களுக்கு எங்கள் உடுமலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தெரியாது.

பிரகல்யாவின் அப்பாவுக்கு ஒரு ஜெர்மன் காற்றாலை கம்பெனியில் வேலை. வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் படிக்க அனுப்புவது கம்பெனியின் வழக்கம். பத்தாவது முடித்த கையோடு பிரகல்யா போனாள். வழியனுப்ப வந்த சம்யுக்தா பஸ் ஸ்டாண்டில் நின்று மூக்கைச் சிந்தினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு.

"உன் இடம் உனக்குத்தான்டி. ஒருத்தியையும் உக்கார விடமாட்டேன்," என்றாள்.

பாவம், சொன்னபோது மனசாரத்தான் சொன்னாள். ஆனால் காலம் யாருக்கு பெஞ்சு பிடித்து வைக்கிறது? பிரகல்யா திரும்பி வந்தபோது சம்யுக்தா ப்ளஸ் டூ. அங்கே படித்த படிப்பு இங்கே கணக்கில் வராது என்று சொல்லி இவளை ப்ளஸ் ஒன்னில் போட்டார்கள். அவள் மாடியில், இவள் கீழே. மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினால், அங்கே ஸ்பெஷல் கிளாஸ். சம்யுக்தா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். கெட்டவள் இல்லை. ப்ளஸ் டூ ஆகிவிட்டாள், அவ்வளவுதான்.

கீழே வகுப்பில் எல்லாரும் சின்னப் பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. கடைசி பெஞ்சில் ஒரு பெண் பையை நகர்த்தி இடம் விட்டாள். பிரகல்யா உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் வாரமே வந்தது வினை. வேதியியல் சார் இவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பதில் தெரியும். தெரிந்ததைச் சொன்னாள். ஆனால் அந்த ஊர்ப் பழக்கத்தில் உட்கார்ந்தபடியே சொன்னாள். பக்கத்துப் பெண் டெஸ்க்குக்கு அடியில் கையை விட்டு இவள் சுரிதார் நுனியை இழுத்தாள். எதற்கு இழுக்கிறாள் என்று புரியாமல் பிரகல்யா அந்தக் கையை உதறிவிட்டாள்.

"உக்காந்துட்டே பதில் சொல்றது எந்த ஊருப் பழக்கம்மா?" என்றார் சார்.

"ஜெர்மனி சார்," என்றது முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் ஜெர்மனி. தண்ணீர்க் குழாயில் ஜெர்மனி, பிரேயரில் ஜெர்மனி. அங்கே இருந்தவரைக்கும் அவளை எல்லாரும் இந்தியா என்று கூப்பிட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

காலையில் யூனிஃபார்மைப் போடவே பிடிக்கவில்லை. இட்லியைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எனக்கு இந்த ஸ்கூல் வேண்டாம்ப்பா. பொள்ளாச்சில சேத்து விட்ருங்க. அங்க என்னை யாருக்கும் தெரியாது."

"இங்கயும் தெரியாதுன்னுதானே அழுவறே?" என்றார் அப்பா.

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். பெண் தட்டைத் தள்ளிவைத்தால் எந்தத் தகப்பனுக்கு மனசு கேட்கும்? நாளைக்குச் சாயங்காலம் வந்து டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் கடைசி பீரியட் பி.டி. பிரகல்யா குணவதி டீச்சரைத் தேடிப் போனாள்.

ஏழாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் அவளுக்குக் கோ-கோ சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். சேலையைத் தூக்கிச் செருகி, கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பார். அதிகம் பேசமாட்டார். பாதிக் கேள்விகளுக்கு விசில்தான் பதில். ஆனாலும் அவரிடம் சொல்லாமல் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"ம்."

"எந்திரிச்சுப் போன எடத்துக்கு மறுபடியும் எப்படிங்க டீச்சர் வர்றது?"

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஷூ போட்டிருக்கறயா?"

"போட்டிருக்கறனுங்க."

"அப்பப் போய்த் துரத்து."

மைதானத்தில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளின் ஆட்டம் அப்போதுதான் தொடங்க இருந்தது. விளையாடித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையாகக் கட்டத்துக்கு ஒருத்தியாகக் குந்தியிருப்பார்கள். ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே பார்ப்பாள். ஒன்பதாவது ஆள் எதிரணிக்காரியைத் துரத்துவாள். துரத்துகிறவள் களைத்தால், குந்தியிருக்கும் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" சொல்லவேண்டும். தொடப்பட்டவள் எழுந்து ஓடுவாள், தொட்டவள் அந்தக் கட்டத்தில் உட்காருவாள். கோ கிடைக்கும்வரைக்கும் குந்தியிருக்கிறவள் எழக்கூடாது. பிரகல்யா பள்ளி டீமில் இருந்தபோது நாலாவது கட்டம் அவளுடையது. ஆட்டம் தொடங்கும்போது அந்தக் கட்டத்தில் வேறொருத்தி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

டீச்சர் விசில் ஊதினார். பிரகல்யா ஓடினாள்.

எதிரணிக்காரி வெட்டுக்கிளி மாதிரி ஒரு பெண். கைக்கு எட்டுகிற தூரம் வந்ததும் வரிசைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். துரத்துகிறவள் வரிசைக்குள் புகக்கூடாது. கம்பத்தைச் சுற்றித்தான் வரவேண்டும். பிரகல்யா சுற்றினாள். மூச்சு வாங்கியது. யாருக்காவது கோ கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். யாருக்குக் கொடுப்பது? இந்தப் பக்கம் ஓடினால் நாலு முதுகு, அந்தப் பக்கம் ஓடினால் மீதி நாலு முதுகு. எல்லாம் ஒரே ரெட்டைச் சடை, ஒரே பச்சை ரிப்பன். அதில் சம்யுக்தா இல்லை. பழைய டீமில் ஒருத்திகூட இல்லை. தப்பான முதுகைத் தொட்டு இன்னொரு தடவை எல்லாரும் சிரித்துவிட்டால்?

மறுபடியும் சுற்றினாள். கால் பின்னியது. டீச்சர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவேயில்லை.

கடைசியில் முடியாமல் நாலாவது கட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். அங்கே ஒருத்தி குந்தியிருந்தாள். ஒரு கால் பின்னால், கை இரண்டும் மண்ணில், தொட்டால் பாய்கிற மாதிரி.

வெட்டுக்கிளிப் பெண்ணும் தூரத்தில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. அப்பாவின் ஸ்கூட்டர்.

டீச்சர் மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏன் நின்னுட்டே?"

"அப்பா வந்துட்டாருங்க டீச்சர். டி.சி. வாங்கப் போறமுங்க."

"போ. போறதுக்கு முன்னாடி யாருக்காச்சும் கோ குடுத்துட்டுப் போ. ஆட்டம் நிக்குதில்ல?"

"யாருக்குங்க குடுக்கறது? எனக்கு இங்க யாரையும் தெரியாதுங்க." அவள் கட்டத்தைக் கை காட்டினாள். "இது என் கட்டமுங்க டீச்சர். இதுலயும் யாரோ உக்காந்திருக்காங்க."

"யாரோவா?"

"ஆமாங்க."

"மொகத்தப் பாத்தயா?"

"இல்லைங்க."

"பொன்மலர்," என்றார் டீச்சர் குரலைத் தாழ்த்தி. "நீ வந்த நாள்லருந்து கிளாஸ்ல உம் பக்கத்துல உக்காந்திருக்கறவ."

பிரகல்யா அந்த முதுகைப் பார்த்தாள். கீழே மண்ணில் ஊன்றியிருந்த கையைப் பார்த்தாள். டெஸ்க்குக்கு அடியில் சுரிதார் நுனியை இழுத்த கை. அன்றைக்கு எதற்கு இழுத்தது என்று இப்போதுதான் புரிந்தது. முகம் சுட்டது.

ஆனாலும் ஒரு மனத்தாங்கல் மிச்சம் இருந்தது. இத்தனை நாளும் மனசைத் தின்ற தாங்கல் சும்மா போகுமா?

"இவளும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலைங்களே டீச்சர்."

டீச்சர் விசிலைத் துடைத்துக் கழுத்தில் விட்டுக்கொண்டார்.

"கோ குடுக்காம எந்திரிச்சா ஃபவுல், கண்ணு."

வாசலில் ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. பிரகல்யா திரும்பிப் பார்க்காமல் பொன்மலரின் முதுகை நோக்கிக் கையை நீட்டினாள்.